கரைக்கு மேலே ஒரு மீட்டர்

"எனக்கே மீட்டர் கணக்குச் சொல்ல வந்துட்டீங்களா அண்ணே? ஒரு மீட்டர்ல சின்னப் புள்ளைக்கு ஒரு பாவாடைகூட உருப்படியா வராது. அதுக்குப் பயந்து வீட்டக் காலி பண்ணச் சொல்றீங்க!"

தையல்காரி வெடுக்கென்று சொன்னாள். மாடியில் குடியிருக்கும் லாரி ஓட்டுநர் போனும் கையுமாக வாசலில் நின்றார். காலையில் வந்த சிவப்பு எச்சரிக்கை அதில் இருந்தது: பாலத்தடியில் ஆறு மதியத்துக்குள் ஐந்து மீட்டரைத் தொடும்.

"போன மாசமும்தான் நாலு மீட்டர்னாங்க. என் வாசப்படி நனைஞ்சுதா?"

"நாலு வரைக்கும்தாம்மா ஆத்துக்குக் கரை. அதுக்கு மேல வர்றது பூராவும் நம்ம வீட்டுக்கு. அவரைத் தூக்கிட்டுப் போய் மாடியில படுக்க வச்சுடறேன். அப்புறம் நான் லோடு ஏத்தப் போகணும்."

அவர் என்றது அவள் புருஷனை. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி செத்து, ஆறு வருடமாகக் கட்டிலில் கிடக்கிறார். கனத்த உடம்பு.

"வானம் வெளுத்துக் கெடக்கு, இவருக்கு வெள்ளமாம்!" என்று சிரித்தாள். பள்ளிக்கூடச் சட்டை முப்பது, சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். மலைப்பக்கம் கொட்டுகிற மழையும் இங்கேதான் வந்து சேரும் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. "நீங்க கெளம்புங்கண்ணே. தேவைப்பட்டா நானே தூக்கிக்குவேன்."

"என்ன அவரோட அனுப்பிடேன்," என்றார் புருஷன்.

"சும்மா கெடய்யா. நீ மேல போனா மணிக்கு நாலு தடவ படி ஏறுறது யாரு, உங்க அம்மாவா?"

ஒரு மணிக்குக் குளியலறைச் சாக்கடை குமிழிவிட்டது. அவள் பத்தொன்பதாவது சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் துணிக்கட்டைத் தூக்கி அலமாரிமேல் போட்டாள். பிறகு மிஷினோடு மல்லுக்கட்டினாள். அது அசையாமல் போன பிறகுதான் புருஷனிடம் வந்தாள். அந்த வரிசையை அவர் படுத்தபடியே பார்த்தார்.

அதற்குள் முழங்கால் தண்ணீர். அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். கட்டில் நகர்ந்தது, அவர் நகரவில்லை. எப்படியோ துணி வெட்டுகிற மேசைமேல் பாதி உடம்பைச் சாய்த்து, கால்கள் தண்ணீரில் தொங்க, தலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தொண்டை கிழியக் கத்தினாள். தெருவே கத்திக்கொண்டிருந்தது, யார் காதில் விழும்? தண்ணீர் அவர் தாடையைத் தொட்டபோது படகு வந்தது.

உயிர் தப்பியது, அவ்வளவுதான். மிஷின் துருப்பிடித்துச் செத்தது. தொங்கிய கால்கள் எதிலோ உரசிப் புண் வைத்தன, இன்னும் ஆறவில்லை. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார்:

"அடுத்த வாட்டி கடைசியா வந்து பாக்காத. பாக்கவே வேணாம். போயிடு."

ஊரையே வாயால் அடக்கியவள், குனிந்து அவர் கால் புண்ணுக்கு மருந்து தடவினாள்.

லாரிக்காரர் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார். மாடி பூட்டிக் கிடக்கிறது, தூக்கிவிட ஆளில்லை. எச்சரிக்கை இன்னும் வரத்தான் போகிறது. போன வாரம் பஞ்சர் கடையில் பெரிய டயர் ட்யூப் ஒன்று வாங்கி, காற்றடித்து, வெள்ளம் வந்தால் அவரை மிதக்கவைக்கக் கட்டில் காலில் கட்டிவைத்தாள். இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்ட பழைய ட்யூப். அதன் விலை, வெறும் ஊசியால் நான்கு நாள் பட்டன் தைத்த கூலி.