நாலாவது ஆள்

மகள் பிரேசிலுக்குப் போகப்போவதாகச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பேர்?" என்பதுதான்.

"மூண்டு பேர் அப்பா. நானும் என்ர சிநேகிதிகள் ரெண்டு பேரும்."

அது 2007 செப்டெம்பர். நாங்கள் மொன்றியலில், வில்லரே பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தோம். தெருவிலிருந்து கதவு வரை நாற்பத்தொரு படிகள். மகள் டோர்வல் விமான நிலையத்தில் வேலை செய்தாள். முப்பது வயது, ஐந்து சம்பந்தங்களைத் தட்டிக் கழித்தவள். அவளுக்குக் கைட் சர்ஃபிங் பைத்தியம். பெரிய பட்டமொன்றை இடுப்பில் பூட்டிக்கொண்டு பலகையில் நின்றால், காற்று இழுக்கிற இழுப்பில் தண்ணீர்மேல் ஓடலாமாம். கோடையில் ஆற்றில் பழகினாள், குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் பழகினாள், இப்போது கடல் வேண்டுமாம். அவள் தெரிந்தெடுத்த மீன்பிடிக் கிராமத்துக்குத் தார் வீதி கிடையாது. கடைசி இருபத்திரண்டு கிலோமீட்டரும் மணலில் ஜீப். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"காத்து நல்லா அடிக்கும் அப்பா" என்றாள்.

நான் மட்டக்களப்பில் இருபத்தாறு வருடங்கள் கணக்குப் படிப்பித்தவன். கேட்டதற்கு விடை வராவிட்டால் அங்கே ஏதோ மறைக்கப்படுகிறது.

ஆனால் என் சந்தேகம் மகளில் தொடங்கவில்லை, மனைவியில் தொடங்கியது. மூன்று பேராகப் புறப்படக்கூடாது என்பது அவளுடைய சட்டம். நாங்கள் மூவரும் கோயிலுக்குப் போவதென்றாலும் கைப்பையில் ஒரு சிறு கல்லைப் போட்டுக்கொள்வாள். கல்தான் நாலாவது ஆள். கல்லை ஆளாக எண்ணுவது எந்த ஊர்க் கணக்கு என்று நான் எத்தனையோ தரம் சிரித்திருக்கிறேன். அப்படிப்பட்டவள், மகள் "மூண்டு பேர்" என்றபோது பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மகள் அச்சடித்துவிட்டு எடுக்க மறந்த தாள் ஒன்று கண்ணில் பட்டது. தங்குமிடப் பதிவு. அறைகள் இரண்டு, ஆட்கள் நான்கு. மூன்று தரம் வாசித்தேன். நான்குதான்.

ஆண் என்று முடிவு செய்தேன். வேறு யாராக இருக்க முடியும்? அந்த மணலில் எவனோ ஒருவனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டு வரப்போகிறாள், தாய்க்கும் அது தெரியும். அன்றிலிருந்து கவனித்தேன். நான் அறைக்குள் வந்தால் மகளின் தொலைபேசிப் பேச்சு பிரெஞ்சுக்கு மாறியது. அவளுடைய பெரிய பையைத் திறந்து எண்ணினேன்: பட்டம் இரண்டு, பலகை ஒன்று, கயிறு நான்கு. ஆணுடைய பொருள் எதுவும் இல்லை. மனைவி திடீரென்று அகலமான தொப்பி ஒன்று வாங்கினாள். ஒக்டோபரில் மொன்றியலில் யார் வெயில் தொப்பி வாங்குவார்கள்?

கடைசியில் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். எங்கள் இருவரின் கடவுச்சீட்டுகளும் அதில்தான் இருக்கும். ஒன்றுதான் இருந்தது. என்னுடையது.

இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். "ஆர் அந்த நாலாவது ஆள்?"

மகள் தாயைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள் மனைவி.

"நீயா? இந்த வயசில பட்டம் விடவா?"

"பட்டத்த அவள் விடட்டும். நான் கடலைப் பாக்கப்போறன்."

மனைவியின் தங்கையைச் சுனாமி கொண்டுபோய் மூன்று வருடம் ஆகவிருந்தது. செய்தி இங்கே தொலைபேசியில் வந்தது. அதன்பிறகு பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறினாலே மனைவி கண்ணை மூடிக்கொள்வாள். வீட்டில் கடல் என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை.

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா? அலை எத்தின அடி, கரையிலிருந்து அறை எத்தின அடி எண்டு எண்ணி எண்ணியே என்னப் பயப்படுத்தியிருப்பீங்க."

பொய்யில்லை. அந்தத் தாளில் அறைக்கும் கடலுக்கும் எண்பது மீட்டர் என்று போட்டிருந்ததை நான் அப்போதே மனதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது ஒரு சிநேகிதிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மிஞ்சியது மூன்று பேர். மனைவி பெட்டியைத் திறந்து சேலைகளை வெளியே எடுத்தாள்.

"அம்மா, கல்லொண்ட எடுத்துப் போடுங்க! அதுதானே உங்கட வழக்கம்!"

"கல்லெல்லாம் ஆளாகுமா எண்டு அப்பாவக் கேள். அவர்தான் கணக்கு வாத்தியார்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லாதிருந்தால் போதும், அவள் வீட்டில் இருந்துவிடுவாள். உண்மையில் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. சேலைகளை எண்ணினேன். ஆறு. ஆறையும் அவள் அலுமாரியில் வைக்கவில்லை. மடியில் வைத்து, மடிப்புக் கலைந்த ஒன்றைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொரு படியும் இறங்கினேன். வாசல் மேப்பிள் மரத்தடியில் சருகை விலக்கி ஒரு கல்லை எடுத்தேன். மேலே வந்து கழுவி, துடைத்து, அவள் கைப்பையில் போட்டேன்.

"இந்தா. நாலு."

"உங்கட கணக்கில கல்லு ஆளில்லையே?"

"இண்டைக்கு ஆள்தான்."

பதினான்கு நாள் கழித்து வந்தார்கள். மகள் முகம் கருத்து, உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்திருந்தது. முதல் வேலையாக மனைவியின் கைப்பையைப் பார்த்தேன். கல் இல்லை.

"கல்லு எங்க?"

"கடலுக்குள்ள போட்டுட்டன்."

"அப்ப வரக்குள்ள மூண்டு பேராவா வந்தீங்க?"

"வரக்குள்ள தேவைப்படல்ல."

தான் கரையில்தான் இருந்ததாகவும், தண்ணீரில் கால் வைக்கவே இல்லை என்றும் சொன்னாள். நான் பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்துத் துவைக்கப் போட்டேன். ஆறில் இரண்டு, முழங்கால் உயரம்வரை உப்பேறி மொடமொடவென்று இருந்தன. நான் கேட்கவில்லை.