உப்பு மிளகு தின்ற லாரி

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகிற ரோட்டில் சொந்தமாக லாரி வாங்கி ஓட்டிய முதல் ஆள் நான்தான். இதை நானே எழுதிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. நடந்ததுதானே. பள்ளிக்கூடத்தில் ரெண்டாவது தாண்டவில்லை. அரிசி மண்டியில் மூட்டை தூக்கிக் கூன் விழப் பார்த்த முதுகு இது. அந்த முதுகு சம்பாதித்து வாங்கிய லாரி அது. ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை ஓட்டிப் பழசாக்கிய வண்டி. வாங்கின அன்று ஊரில் சிரித்தவர்கள் எல்லாரும் பிறகு அதில் இடம் கேட்டு என் வாசலில் நின்றார்கள்.

அரிசி ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி, பழனி, கம்பம் என்று போய், அங்கிருந்து மலையேறி உடும்பஞ்சோலை ஏலத்தோட்டங்களில் இறக்குவேன். திரும்பும்போது ஏலக்காய். மழையோ மூடுபனியோ சேறோ என்னை நிறுத்தியதில்லை. அத்தனை வளைவிலும் ஒரு நாள்கூட வண்டி என் பேச்சை மீறியதில்லை. ஓட்டுகிற கை அப்படி என்றுதான் நினைத்திருந்தேன்.

பெரிய லாரி ஒன்றுக்குக் கோயமுத்தூரில் சொல்லி வைத்ததும் பழசை விற்க முடிவு செய்தேன். உடும்பஞ்சோலையில் எனக்குப் பழக்கமான ஏலக்காய் வியாபாரி ஒருவர் கேட்டார். தெற்கத்திக்காரர், வாய் நிறையப் பேசுவார். அவர் கேட்டது சரக்கு ஏற்ற இல்லை. கம்பத்திலிருந்து காய் பறிக்கிற பெண்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போக.

"ஏலக்காய்க்குக் கழுதை போதும்ணே. ஆளுகளுக்குத்தான் வண்டி வேணும். ஏறி வர்றதுக்குள்ள பாதிப் பேருக்குக் காலு வீங்கிப் போகுது. அடுத்த வாரம் பறிப்பு. உங்க வண்டியிலதான் கொண்டாரப் போறேன்னு அவளுககிட்டச் சொல்லிப்புட்டேன்."

"கூட்டிட்டுப் போங்க. பூ மாதிரி போகும்," என்றேன்.

பழைய லாரியை விற்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். துருவின் மேலேயே தாரைக் காய்ச்சிப் பூசிவிட்டுக் கறுப்புச் சாயம் அடித்துத் தள்ளிவிடுவார்கள். ஒரு மழைக்குத் தாங்கும். நான் அந்த ரகம் இல்லை. மழைக்காலம் முழுக்க மலையில் ஓடிய வண்டி, சும்மா இருக்குமா? சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு, கதவின் அடிப்பக்கம், ஏறி மிதிக்கிற படி, எல்லாம் சொறி பிடித்தாற்போல இருந்தது. தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த சாளை வீட்டுக்கு முன்னால் புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் ஊர்க் கொல்லரை வரச் சொன்னேன். ஆசாரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் உளியை வைத்துத் துருவைச் செதில் செதிலாகத் தட்டி எடுத்தார். நான் பின்னாலேயே செங்கல்பொடியும் மண்ணெண்ணெயும் தொட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். இரும்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் விடவில்லை. ஓட்டை விழுந்த இடத்தில் புதுத் தகடு வைத்து ஆசாரி ஆணி முடுக்கினார். அதன்மேல் சிவப்பு ஈயப் பூச்சு. அது காய்ந்ததும் பச்சைச் சாயம். கடைசியில் கதவில் என் முகம் தெரிந்தது. மீசையை முறுக்கிக்கொண்டேன்.

"மொதலாளி, பொண்ணு பாக்க வர்றாங்களா, லாரி பாக்க வர்றாங்களா?" என்றார் ஆசாரி.

"ரெண்டும் ஒண்ணுதான்யா. குறை சொல்லாம கூட்டிட்டுப் போகோணும்."

அடிச்சட்டத்தை மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. வண்டியின் மொத்தப் பாரத்தையும் தாங்குகிற ரெண்டு நீள இரும்பு அது. வாய்க்காலைச் சாய்த்து வைத்தாற்போல உள்பக்கம் திறந்திருக்கும். கெட்டி இரும்பு, அதைத் துரு என்ன செய்துவிடும் என்று விட்டுவிட்டோம்.

வியாபாரி வந்தார். சுற்றிச் சுற்றி வந்து கதவைத் திறந்து மூடினார், தகட்டைத் தடவினார்.

"என்னண்ணே, நான் கேட்டது பழைய வண்டி. புதுசக் காட்டி ஏமாத்துறீகளா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. "மேல்பூச்சப் பாத்து வாங்காதீங்க. இரும்பு பேசும், அதக் கேளுங்க," என்று ஆசாரி கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு குனிந்தேன்.

அடிச்சட்டத்தின் முன்முனையில் ஒரு தட்டு. கணீர் என்றது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதுவும் கணீர். வியாபாரி தலையை ஆட்டினார். ஓட்டுகிற சீட்டுக்கு நேர் பின்னால் வந்ததும், மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் ஓங்கியே போட்டேன்.

பொத்தென்றது.

அழுகின பூசணிக்காயில் அடித்த சத்தம். சுத்தியல் திரும்பி வரவில்லை. இரும்புக்குள் போய் நின்றுவிட்டது. இழுத்தேன். ஓட்டை வழியாகப் பழுப்புத் தண்ணீர் ஒழுகி என் மணிக்கட்டில் வடிந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. மலைமேல் ஓடுகிற லாரிக்குள் கடல் எப்படி வந்தது?

ஆசாரி வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கையை விட்டுத் துழாவினார். மஞ்சள் துணி முடிச்சு ஒன்று வந்தது. சொதசொதவென்று, துருக்கறையோடு. அதைப் பார்த்ததும் படுத்தபடியே கையைக் கூப்பினார். பிறகு மெதுவாக நகர்ந்து வெளியே வந்து எட்டி நின்றுகொண்டார்.

"மொதலாளி, இது மாரியாத்தா முடிச்சு. நான் தொட மாட்டனுங்க. உள்ள இன்னும் கெடக்குது."

மாரியம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டி வேண்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். நான் மலைக்குக் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரி அங்கே போய்க் கொட்டிவிட்டு, அதில் ஒரு கைப்பிடி வாங்கி வந்து மஞ்சள் துணியில் முடிந்து, சீட்டுக்குப் பின்னால், அடிச்சட்டத்துக்கு மேலே உள்ள இடுக்கில் வைப்பாள். அது எனக்குத் தெரிந்ததுதான். அம்மன் இருக்கிற மூலை என்று அந்த இடத்தை நான் துடைப்பதுகூட இல்லை. பழசை எடுத்துவிட்டுப் புதுசை வைக்கிறாள், உள்ளே இருப்பது ஒரே ஒரு முடிச்சு என்று நினைத்திருந்தேன்.

அவளைக் கூப்பிட்டேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏ புள்ள, பழைய முடிச்ச என்ன பண்ணுவ?"

"ஆத்தாளோடத எங்கீங்க வீசறது? கால் படற எடத்துல போட முடியுமா? கரண்டிக் காம்புல உள்ள தள்ளி உட்டுட்டுப் புதுச வெப்பனுங்க," என்றாள் சாதாரணமாக. ஓட்டையை அவள் இன்னும் பார்க்கவில்லை.

பார்த்ததும் முறத்தை எடுத்து வந்து அவளே வண்டிக்கு அடியில் போனாள். ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் வைத்தாள். முறம் நிறைந்தது. இன்னொரு முறம் கேட்டாள். மேலே இருந்த முடிச்சுகள் முழுசாக இருந்தன, அடியில் இருந்தவை வெறும் சேறு. மிளகு மட்டும் கறுகறுவென்று கெடாமல் கிடந்தது. ஒவ்வொரு முடிச்சோடும் இரும்பு, காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது.

போன வாரம்தான் அந்த மலையை இறங்கியிருந்தேன். ஏலக்காய் மூட்டைகளோடு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லாத வளைவுகளில், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு. நான் உட்கார்ந்திருந்தது இந்தச் சருகின் மேல்.

அவள் வெளியே வந்தாள்.

"நீங்க நல்லபடியா வரோணும்னுதானுங்க வெச்சேன்."

ஒரு சொம்பு இடம் மாறி இருந்தாலே சத்தம் போடுகிறவன் நான். அன்றைக்கு, "வந்துட்டனே," என்றேன், அவ்வளவுதான். அவள் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வியாபாரி ஒருவர் நிற்கிறார் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. பார்த்தால், தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முறத்துக்கு முன்னால் குந்தி, ஒரு முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"இப்பத்தாண்ணே வெளங்குது. அந்த மலையில எத்தன வண்டி உருண்டுச்சு! உங்க வண்டி மட்டும் ஏன் உருளலைன்னு நாங்க பேசாத நாளில்ல. உங்க கைன்னுல்ல நெனைச்சோம்! ஆத்தா கையி."

அந்த நிலையிலும் அது எனக்குச் சுருக்கென்றது.

"எல்லாத்தையும் இருந்த எடத்துலயே வெச்சிருங்க," என்றார். "வண்டிய இப்பவே எடுத்துக்கிறேன்."

ஓட்டையைப் பார்த்ததைவிட இதற்குத்தான் நான் அதிகம் அதிர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். "ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா? சட்டமே போயிருச்சு!"

"இத்தன நாளும் இப்பிடித்தான ஓடுச்சு? இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

அதை இன்றுவரைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். "நீங்க ஏத்தப் போறது பொம்பளைங்க," என்று மட்டும் சொன்னேன்.

"அதனாலதாண்ணே கேக்குறேன். ஆத்தா குந்தியிருக்கிற வண்டின்னா அவளுக தைரியமா ஏறுவாளுக." சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இல்ல, வேற யாரும் வந்து கேட்டுட்டாகளா? அதுக்குத்தான் இந்தச் சுத்தியல் வித்தையா?"

"இரும்புப் பட்டை வெச்சு முடுக்குனா கோவிந்தாபுரம் போயிட்டு வருமுங்க," என்றார் ஆசாரி தூரத்தில் நின்றபடியே. "மலைக்கு நான் ஜவாப்தாரி இல்லீங்க."

என் வீட்டுக்காரி தலையை நிமிர்த்தினாள். "ஏனுங்கண்ணா, நான் இவருக்குன்னு சொல்லித்தான உப்புக் கொட்டினேன்? உங்க ஆளுகளுக்கு ஆத்தா எதுக்குங்க வரோணும்?"

"நான் தனியாக் கொட்டிக்கிறேன் தங்கச்சி. வெக்கிறதுக்குத்தான் எடம் தயாரா இருக்கே!"

வாயால் இவரை ஜெயிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. உள்ளே போய் ஜாக்கியை எடுத்து வந்தேன். "முடிச்சையெல்லாம் திருப்பி வை," என்றேன் அவளிடம்.

"வேண்டாமுங்க. ஆத்தாளச் சோதிக்கறாப்புல ஆயிரும்."

"நான் சோதிக்கறது இரும்ப."

மிஞ்சியிருந்ததை எல்லாம் திருப்பி வைத்தாள். சீட்டுக்குப் பின்னால் சட்டத்துக்கு நேர் கீழே ஜாக்கியை நிறுத்தித் திருகினேன். நல்ல சட்டமாக இருந்தால் நாலு திருகலில் வண்டி எழும்ப வேண்டும். ஜாக்கி எழும்பியது. வண்டி எழும்பவில்லை. அப்பளத்தைக் கையில் வைத்து நொறுக்குகிற சத்தம் கேட்டது. நிறுத்தாமல் திருகினேன். ஜாக்கியின் தலை சட்டத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், முடிச்சுகளைப் பிதுக்கி, என் தலையில் உப்பும் மிளகுமாகக் கொட்டியது. அப்புறம் சீட்டுப் பலகையை முட்டியது. நான் வெளியே உருண்டு வரவும், ஒரு முனகல். பச்சைச் சாயம் அடித்த என் லாரி நடுவில் மடங்கியது. கதவு தானாகத் திறந்துகொண்டது.

வெறும் வண்டி. ஒரு மூட்டை இல்லை, ஒரு ஆள் இல்லை.

நானே எதிர்பார்த்ததுதான். ஆனாலும் பார்த்துவிட்டு வாய் மூட முடியவில்லை. ஆசாரி புளியமரத்தைப் பிடித்துக்கொண்டார். வியாபாரி அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. வரப்போகிற பெண்களின் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று கொஞ்சம் கழித்துத்தான் எங்களுக்குப் புரிந்தது.

"என் தங்கச்சி மகளும் வர்றாண்ணே," என்றார். தண்ணீர் கேட்டார். குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "நான் எடுத்துக்கிட்டுத்தாண்ணே போயிருப்பேன்."

"தெரியுமுங்க."

அந்தப் பறிப்புக்குப் பெண்கள் எப்போதும்போல நடந்தேதான் மலையேறினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வீங்கின காலோடு, எல்லாரும் முழுசாக. என் லாரியின் இன்ஜினை அரிசி மில்லுக்குக் கொடுத்தேன். மற்றதை ஆசாரி வெட்டி எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வியாபாரியைப் பொள்ளாச்சி போகிற மோட்டார் பஸ்ஸில் ஏற்றிவிட ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். மோட்டார் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. கண்டக்டர் கூப்பிட்டான், திட்டினான், போய்விட்டான். "மாட்டு வண்டி ஏதும் கிடைக்குமாண்ணே?" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. பக்கத்துத் தோட்டத்து வண்டியைக் கேட்டு வாங்கி, நானே மாட்டைப் பூட்டினேன். ஏறுவதற்கு முன்னால் அவர் வேட்டியை மடித்துக்கொண்டு ரோட்டுப் புழுதியில் முட்டி போட்டு, வண்டிக்கு அடியில் தலையை விட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவசரப்படுத்தவில்லை.