மாமி கழற்றிய படம்

வினாகிரியைப் போன்ற புளித்த மணம் வீடெல்லாம் பரவியிருந்தால், அன்று ரதி மாமி படம் கழுவுகிறார் என்று தெரிந்துவிடும். மொன்றியலின் லாசால் பகுதியில் நாங்கள் இருந்த அப்பார்ட்மெண்டின் ஒரே குளியலறை சனிக்கிழமைகளில் அவருடைய "இருட்டறை" ஆகிவிடும். அவசரமென்றால் நானும் தம்பியும் கீழ்வீட்டுக் கதவைத்தான் தட்டவேண்டும்.

அப்பாவின் தங்கையான மாமி, ஊரில் பத்திரிகைப் படப்பிடிப்பாளராக இருந்தவர். காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு வீதியில் அமர்ந்த தாய்மாரையும், ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போனவர்களையும், அவர்களை அடித்து இழுத்துச் சென்ற சீருடைக்காரர்களையும் படமெடுத்ததால் அங்கே இருக்க முடியாமல் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். பெட்டியில் உடுப்பைவிட "பிலிம் ரோல்"தான் கூட இருந்தது என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

எனக்குப் பத்து வயதான கோடையில், நூலக மண்டபத்தில் மாமியின் கண்காட்சி நடந்தது. தடியடிக்கு நடுவே கையை உயர்த்தி நின்ற ஓர் இளைஞனின் முகம் வாசலில் பெரிதாகத் தொங்கியது. மாமி எடுத்தவற்றில் அதுதான் சிறந்த படம். பக்கத்து நகரான புரோசார்டிலிருந்து வந்த ஒரு பெண் அதன் முன்னால் நின்று அழத் தொடங்கினார். அவன் தன் தம்பியென்றும், ஊரில் இன்னும் ஒளிந்து திரிகிறானென்றும் சொன்னார்.

"இதைக் கழட்டிவிடுங்கோ அக்கா. ஆரும் கண்டு அங்க சொன்னா, அவனை விடமாட்டாங்கள்."

மாமி உடனே கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றினார். பத்திரிகைக்காரர்கள் இந்தப் படத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று மண்டபப் பொறுப்பாளர் கெஞ்சினார்.

"படத்துக்காக ஆளைக் குடுக்கேலாது," என்றார் மாமி. அதைப் பிரெஞ்சில் சொன்னவள் நான்தான். சொல்லும்போது ஏனோ எனக்குப் பெருமையாக இருந்தது. வீடு திரும்பும் வழியில் மாமி டெப்பனர் என்கிற மூலைக்கடையில் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார்; அவர் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, சனங்கள் திரண்டு வீதிக்கு வந்ததில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. லாசால் வீட்டை விட்டு நாங்களும் எப்போதோ வந்துவிட்டோம். மாமியிடம் இப்போது டிஜிட்டல் கமராதான். ஊருக்குப் போன் எடுக்கும்போது குரலைத் தாழ்த்துகிற பழக்கமும் எங்களை விட்டுப் போய்விட்டது.

போன மாதம், தலை நரைத்த ஒருவர் தன் தமக்கையோடு மாமியைத் தேடி வந்தார். அந்தப் படம் இன்னும் இருக்கிறதா என்று கூச்சத்தோடு கேட்டார்.

"ஓம், இருக்கு. பேந்து காட்டுறன்," என்று சொல்லிக்கொண்டே மாமி கமராவை எடுத்தார். "முதல்ல இப்பிடி யன்னல் பக்கம் வாரும். வெளிச்சத்தில முகம் நல்லாத் தெரியட்டும்."