சுமாராக டைப் அடிப்பவர் தேவை

போன திங்கட்கிழமை காலை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். உடம்பு இளைத்து, சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"டெம்பரரி வேலைக்கு இங்கதான பேரு எழுதணும்?" என்றார்.

பெயரைக் கேட்டேன்.

"ராமலிங்கம். சிதம்பரத்துலேருந்து வரேன்."

என் பேனா நின்றுவிட்டது. காரணம் சொல்ல, ஐந்து மாதம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் இன்ஸ்டிட்யூட்டுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. கம்பெனிகளில் யாராவது நீண்ட லீவு போட்டால், அந்த இடத்துக்குத் தற்காலிகமாக ஆள் அனுப்புவது. ஆளைப் பொறுக்குவது நான்தான். வேலையில்லாத நாலு பேருக்கு வழி காட்டுகிறோம், புண்ணியம்தானே... அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சிதம்பரத்தில் ஓர் உரக் கம்பெனி. அங்கே பன்னிரண்டு வருஷமாக டைப்பிஸ்டாக இருந்த ராமலிங்கம் என்பவருக்கு டைபாய்டு. இரண்டு மாதத்துக்கு ஆள் வேண்டும் என்று கடிதம் வந்தது. மறுநாளே அவருடைய மனைவி பஸ் பிடித்து வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், ரொம்பக் கெட்டிக்காரரா அனுப்பிடாதீங்க. சுமாரா அடிக்கிறவரா பாத்து அனுப்புங்க. அவுரு எழுந்து போறப்ப அந்த எடம் அவுருக்கு இருக்கணும்."

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? நான் "பாக்கறேம்மா" என்றேன்.

அப்போது என்னிடம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வரிக்கு வரி பிழை விடுபவர். மற்றவர் பரங்கிப்பேட்டை இஸ்மாயில் — டைப்பிங்கில் ஹையர் பரீட்சை பாஸ், எட்டு மாதமாக வேலை தேடி அலைபவர். மட்டமான ஆளை அனுப்பினால் இன்ஸ்டிட்யூட் பெயர் என்னாவது? இஸ்மாயிலை அனுப்பினேன். மனசு கேட்காமல், "கொஞ்சம் நிதானமா அடிங்க தம்பி. அந்த மனுஷன் திரும்பி வரணும்" என்றேன்.

"நிதானமா அடிச்சா அடுத்த தடவ என்னைய அனுப்புவீங்களாண்ணே?"

அனுப்பமாட்டேன். அது இருவருக்கும் தெரியும்.

இஸ்மாயில் இரண்டு நாள் வேலையை ஒரு நாளில் முடித்தார். மேனேஜர் பாராட்டி எழுதினார். ராமலிங்கம் குணமாகி வேலைக்குப் போனபோது, அந்த நிரந்தர இடத்தையே எடுத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை வரும்போது கடலூரில் எங்களிடமிருந்து தற்காலிக ஆள் எடுத்துக்கொள்வார்களாம்.

சரி, அந்த இடம் இஸ்மாயிலுக்காவது கிடைத்ததா? அதுவும் இல்லை. மாதாமாதம் 'இன்னும் ஒரு மாதம்' என்று கடிதம் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை இஸ்மாயில் என் வீட்டுக்கு வந்திருந்தார்.

"என்னைய நிரந்தரம் பண்ணுவாங்கன்னு நெனச்சேண்ணே. ஒருத்தர் சோத்துல மண்ணப் போட்டதுதான் மிச்சம்."

ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் இருந்தால் ஒருவராவது உட்காருவார் என்று எண்ணியிருந்தேன். நாற்காலியையே தூக்கிவிடலாம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அதற்கு மறுநாள்தான் ராமலிங்கம் என் முன்னால் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார். 'முந்தைய வேலையை விட்ட காரணம்' என்ற இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"இதுல என்ன சார் எழுதறது?"

அவர் இடத்துக்கு ஆள் அனுப்பியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"உடல்நலக் குறைவுன்னு எழுதுங்க."

எழுதினார். டெஸ்ட் வைத்தேன். நல்ல ஸ்பீடு, ஒரு பிழை இல்லை.

இனி எங்கேயாவது ஒருவர் காய்ச்சலில் படுக்க வேண்டும் — இவரை அனுப்ப.