தாழ்ப்பாள் இல்லாத கதவு

2006-இல் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நர்ஸ் வேலை கிடைத்தது. கணவருக்குக் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை என்பதால், வீடு கடலூரில். தினமும் பஸ்ஸில் போய்வந்தேன்.

என் அறையில் இரண்டு கட்டில், ஒரு அலமாரி. காலையில் காரியம் அதிகம் இருக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பிள்ளைகள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மாதவிலக்கு வலியோ, காலையில் சாப்பிடாமல் வந்ததோ என்று விசாரித்து, படுக்க வைத்து அனுப்புவேன்.

கீரப்பாளையத்திலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் திரும்பத் திரும்ப வந்தாள். ஒருநாள் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அவள் அம்மாவை வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சிறுநீரில் கிருமி என்றார்கள்.

குணமாகித் திரும்பிய பிறகு அவளைப் பார்க்க வகுப்புக்குப் போனேன். பள்ளி விடும் நேரம். அவளுடைய தண்ணீர் பாட்டில் காலையில் கொண்டுவந்தபடியே நிறைந்திருந்தது. டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாரே, ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"குடிச்சா பாத்ரூம் போவணும் சிஸ்டர். அங்க ஒரு கதவுக்கும் தாழ்ப்பா கெடையாது. யாராச்சும் வெளிய நின்னு புடிச்சிக்கணும். அதான் வூட்டுக்குப் போயே போயிக்கிறது."

மற்ற பிள்ளைகளும் அப்படித்தானா என்று கேட்டதற்குத் தலையாட்டினாள்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் சொன்னேன். நல்ல மனுஷி, ஆனால் ஆயிரம் வேலை. நிர்வாகத்துக்கு எழுதிப் போடலாம் என்றார். ஒருமுறை நேரில் வந்து பாருங்கள் மேடம் என்று வற்புறுத்தி அழைத்துப் போனேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அது தானாகத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார், மறுபடியும் திறந்தது. வெளியே வந்தவர் சேலையைச் சரிசெய்துகொண்டே, "எழுதிப் போட்டா எப்ப வரும்னு தெரியாது. உனக்குத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருந்தார். வார லீவு நாளில் ஊரைச் சுற்றாமல் தூங்க வேண்டும் என்று நினைத்திருந்த கணவர், விஷயத்தைக் கேட்டதும் துளைபோடும் மெஷினை எடுத்துப் பைக்குள் வைத்தார். பள்ளிக்கும் அன்று விடுமுறை. சிதம்பரம் கடைத்தெருவில் தாழ்ப்பாள்கள் வாங்கிக்கொண்டு இருவரும் போனோம். அவர் ஒவ்வொரு கதவாக மாட்ட, நான் உள்ளே நின்று போட்டுப் போட்டுப் பார்த்தேன். கதவின் உட்புறம் பை மாட்ட ஆணியும் அடித்தார். அது எனக்குத் தோன்றாத யோசனை.

திங்கட்கிழமை காலை வணக்கத்தில் தலைமையாசிரியை இதைச் சொன்னபோது பிள்ளைகள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் இடைவேளை மணி அடித்ததும் பாத்ரூம் பக்கம் ஒரே கூட்டம். காலையிலும் மதியத்திலும் தண்ணீர் குடிப்பதற்கென்று தனியாக ஒரு மணி அடிக்கச் சொன்னார் அவர். வகுப்பு கெடுகிறது என்று கணக்கு டீச்சர் கொஞ்ச நாள் முணுமுணுத்தார், பிறகு அவரும் பாட்டிலோடு வந்தார்.

மதியங்களில் என் கட்டில்கள் பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. கீரப்பாளையத்துப் பெண் அதற்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் வந்தாள், கோகோ விளையாட்டில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு.

மாத முடிவில் வாட்ச்மேன் வந்து, டேங்க் பன்னிரண்டு மணிக்கே காலியாகிவிடுகிறது, இரண்டு தடவை மோட்டார் போட வேண்டியிருக்கிறது என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.