பல்ப் கடைக்காரரின் இருட்டு

என் வீட்டுக்காரர் றிஷாத்துக்குப் பலாபத்வலயில் மின்சாமான் கடை. பகலெல்லாம் ஊருக்குப் பல்ப் விற்பார். பொழுது சாய்ந்தால் அதே பல்ப்புகளைத் திட்டுவார். "இந்த வெளிச்சத்துல என்னத்த வானம் பார்க்கிற?" என்று மொட்டைமாடியில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். சோறு போட்டுவிட்டுக் கறி எடுக்கத் திரும்பினால் கதிரையில் ஆள் இருக்காது. காலில் சக்கரம் கட்டிய மனிதர்.

இவரும் கூட்டாளிகள் மூன்று பேரும் ஒரு தொலைநோக்கியை வைத்துத் தொடங்கியதுதான் எங்கள் வானம் பார்க்கும் சங்கம். முதலில் ஊர் சிரித்தது. பிறகு யாரோ நிலாவைப் படம் பிடித்து முகநூலில் போட்டார்கள். அவ்வளவுதான், பள்ளிப் பிள்ளைகள், வங்கியில் வேலை செய்பவர்கள், கைக்குழந்தைக்காரிகள் என்று சனம் குவிந்தது. மாடி இடிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். கூட்டம் கூடக்கூட இவருக்கு ஆசையும் கூடியது. அசல் இருட்டில் சனத்துக்கு வானம் காட்டும் ஒரு பொது இரவு நடத்தியே தீரவேண்டும், அதுவும் லக்கல பக்கம், பல்லேகமவில்.

பல்லேகமவில் இருட்டுக்கும் பஞ்சமில்லை, யானைக்கும் பஞ்சமில்லை. இவர் பிடித்த வெட்டவெளியை ஒட்டி சந்திரகாந்தா என்ற சிங்கள அக்கா காடு வெட்டிப் பயிரிட்ட சோளச் சேனை இருந்தது. கதிர் முற்றிவிட்டது, இனி ஒடிக்க வேண்டியதுதான். அந்த வருடம் அவர் குடும்பம் நம்பியிருந்தது அந்தச் சோளத்தை மட்டுமே. யானை அண்டாமலிருக்கச் சேனையைச் சுற்றி வரிசையாகப் பல்ப் கட்டியிருந்தார். எங்கள் கடைப் பல்ப்தான்.

பொது இரவன்று பொழுது பட்டதும் மஃரிப் தொழுதுவிட்டு இவர் நேரே அவரிடம் போனார். சிங்களத்தில்தான் பேச்சு, அக்காவுக்கு இவர் மல்லி, அதாவது தம்பி.

"அக்கா, ஒரு மணித்தியாலத்துக்கு லைட்ட நிப்பாட்டுங்க. வானம் நல்லாத் தெரியும்."

"யானை ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்குமா மல்லி?"

"இவ்வளவு சனம் நிக்குது, எப்படி வரும்?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "எனக்கும் காட்டுவியா?"

"உங்களுக்குக் காட்டாமலா?"

பல்ப்புகள் அணைந்தன.

பொய் சொல்லக்கூடாது, வானம் அழகாகத்தான் இருந்தது. சனம் ஒருமுறை "ஆ" என்று அண்ணாந்து பார்த்தது. அதோடு சரி, எல்லோரும் ஓடிப்போய்த் தொலைநோக்கி முன்னால் வரிசை கட்டினார்கள். வியாழனையும் பக்கத்தில் அதன் நாலு நிலாவையும் பார்க்கத்தான் அந்த அடிபிடி. ஒவ்வொருவரும் பார்த்து முடித்துப் போனை வைத்துப் படமும் எடுத்தார்கள். "விருந்தாளிகள் முதல்ல பார்க்கட்டும்" என்று அக்கா வரிசையின் கடைசியில் போய் நின்றார். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கண் சேனைப் பக்கமே போனது.

இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நேரம் போயிட்டு. லைட்டப் போடச் சொல்லுங்க."

"இன்னும் கொஞ்சப் பேர்தானே மபாஸா."

மறுபடி இழுத்தேன். மறுபடியும் அதே பதில். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தொலைநோக்கியையே தூக்கி எறிந்திருப்பேன்.

அக்காவுக்கு முன்னால் இரண்டே பேர் நிற்கும்போது சேனைக்குள் படபடவென்று சோளத்தட்டு முறிகிற சத்தம் கேட்டது. அக்கா வரிசையை விட்டு ஓடினார். பல்ப்புகள் எரிந்தன, ஊர்க்காரர்கள் யானை விரட்டும் அலிவெடி கொளுத்திப் போட்டார்கள், யானைகள் காட்டுக்குள் இறங்கின. யாருக்கும் காயமில்லை. ஆனால் பாதிச் சேனை தரையோடு தரையாகக் கிடந்தது. அக்கா எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். திரும்பி வரும் பஸ்ஸில் இவர் வீடு வந்து சேரும்வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே சங்கத்தார் கொஞ்சப் பேர் போய் மிச்சச் சோளக் கதிர்களை ஒடித்துக் கொடுத்தோம். இவர் யானை அறுத்த வயரைக் கட்டி, உடைந்த பல்ப்புகளை மாற்றினார். பொழுது பட்டதும், சொன்ன சொல்லுக்காகத் தொலைநோக்கியை அக்காவின் காவல் குடிலுக்குப் பக்கத்தில் வைத்தார். சேனையைச் சுற்றிப் பல்ப்புகள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. அணைக்கச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. அப்படியே வியாழனைப் பிடித்துக் கொடுத்தார்.

அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு" என்று மெதுவாக எண்ணினார். முகம் மலர்ந்துவிட்டது. நிமிர்ந்து பல்ப்புகளைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"லைட் எரியக்குள்ளயே தெரியுதே மல்லி. அப்ப அண்டைக்கு எதுக்கு நிப்பாட்டச் சொன்ன?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரியாததைத்தான் கேட்டார். எங்கள் மாடியில், தெருவிளக்குக்கு நேரே நின்று, இதே வியாழனை இவர் எனக்கு எத்தனை தடவை காட்டியிருக்கிறார்! அக்கா பதிலுக்காகக் காத்து நின்றார். இவர் தொலைநோக்கியின் திருகைத் திருப்பினார், பிறகு திரும்பவும் திருப்பினார், தலையை நிமிர்த்தவே இல்லை.