வானத்தை ஒட்டுக்கேட்டவரின் அறை

வினாகிரியின் புளித்த மணம் அடித்தது. சமையலறையிலிருந்து அல்ல, இத்தாலியில், வியா மக்வேதா தெருவில் அம்மா வேலை செய்த வீட்டின் கடைசியில் எப்போதும் சாத்தியே கிடந்த ஓர் அறையின் கதவிடுக்கிலிருந்து. எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறையென்றால், ஒரேத்தோவில் இருந்த எங்கள் வீட்டில் என்னைத் தனியே விடப் பயந்து, அம்மா தன்னோடு கூட்டிக்கொண்டு போவார். நாங்கள் சிஞ்ஞோரா என்று அழைத்த, எழுபது வயது தாண்டிய வீட்டுக்கார அம்மா அந்த அறையை மட்டும் தானே துடைப்பார். ஒருநாள் கதவு திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். சுவர் முழுக்க ஒலிநாடாச் சுருள்கள், மேசையில் பெரிய ஒலிப்பதிவுக் கருவி, ஜன்னல் வழியே மொட்டைமாடிக்கு ஏறிப்போன தடித்த கம்பி. பழைய நாடா கெட்டுப்போனால் அப்படித்தான் மணக்கும் என்பது பிற்பாடு அறிந்தது.

அந்த அறையில் கண்டதை அப்பாவிடம் சொன்னதுதான் நான் விட்ட பிழை. ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் உணவகமொன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அப்பா, ஊரில் யாரோ கொடுத்த பொய்த் தகவலால் ஏழு மாதம் சிறையில் அடைபட்டுக் கிடந்தவர். "அது கதைக்கிறதைப் பிடிக்கிற மெஷின். அந்த மனிசி உளவு சொல்லுற 'ஸ்பியா'வோ என்னவோ, அங்கை நீர் வாய் திறக்க வேண்டாம்" என்று அம்மாவை எச்சரித்தார். வேலையையும் விடமுடியாது, எங்களுக்கு பெர்மெசோ என்ற தங்கும் அனுமதி கிடைக்க சிஞ்ஞோராவின் கையெழுத்து வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அம்மா அந்த வீட்டில் ஊமையானார், பாத்திரம் துலக்கும்போது முணுமுணுக்கும் பாட்டுக்கூட நின்றுவிட்டது. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், அம்மாவின் குரல் உண்மையில் பிடிபட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க சிஞ்ஞோரா காணாத நேரம் அறைக்குள் நுழைந்து ஒரு சுருளை என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதைப் போட்டுக் கேட்க எங்களிடம் கருவி இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் சிஞ்ஞோரா வாசலிலேயே எங்களை மறித்தார். சுருள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. "உன்னை அனுப்பியது யார்?" என்றுதான் அம்மாவிடம் இத்தாலிய மொழியில் கேட்டார். அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, ஆனால் மொழிபெயர்க்க வாய் வரவில்லை. கதவு அடைபட்டது.

அன்று மாலை அழுதுகொண்டே சுருளை அப்பாவிடம் எடுத்துக் கொடுத்தேன். அப்பா அடிக்கவில்லை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நானும் வாறன்" என்றார்.

மூவருமாகப் போய் நின்றோம். நான்தான் எடுத்தேன் என்றும், ஏன் எடுத்தேன் என்றும் சொன்னேன். சிஞ்ஞோரா எங்களை அந்த அறைக்குள் விட்டு, சுருளைக் கருவியில் மாட்டினார். நீண்ட இரைச்சல், அதற்குள் கீக், கீக் என்று ஒரு சத்தம், பிறகு ஓர் ஆண் இருமி, மணி என்னவென்று சொன்னார். "என் கணவர்" என்றார் சிஞ்ஞோரா. ரஷ்யர்களும் அமெரிக்கர்களும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு வானத்துக்குச் செயற்கைக்கோள்களை அனுப்பிய காலத்தில், இருவருமே வென்றதை மட்டும்தான் சொல்வார்கள், மறைக்கும் மிச்சத்தை நானே கேட்கிறேன் என்று, அவற்றின் ஒலியைப் பிடிக்க மாடியில் கம்பி கட்டியவராம் அவர். ரஷ்யனின் ஆள் என்று யாரோ மொட்டைக்கடிதம் எழுதிப்போட, போலீஸ் வந்து வீட்டைக் கிளறியிருக்கிறது. அமெரிக்கனின் ஆள் என்று சொல்லி, கூடத் திரிந்த கட்சித் தோழர்கள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள்.

நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, அப்பா நிமிர்ந்தார். "எழுதிப்போட்டது ஆரெண்டு கேள், பிள்ளை."

"இந்தக் கட்டடத்தில் யாரோ ஒருவர்தான், எவரென்று தெரியாது. முப்பது வருடத்துக்கு மேலாக எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறேன், ஒருவரையும் நம்பியதில்லை" என்றார் சிஞ்ஞோரா.

"என்னைக் காட்டிக் குடுத்தது ஆரெண்டு எனக்கும் தெரியாது" என்றார் அப்பா மெதுவாக. அதை நான் இத்தாலிய மொழியில் சொன்னதும், சிஞ்ஞோரா தன் கணவரின் நாற்காலியை அப்பாவின் பக்கம் தள்ளினார்.

பெர்மெசோ பத்திரத்தில் சிஞ்ஞோராவின் கையெழுத்து விழுந்தது, அம்மாவின் பாட்டும் திரும்பியது. அடுத்த கிழமையே அந்த அறைக்குப் புதுப் பூட்டும் வந்தது.

இன்று சிஞ்ஞோரா இல்லை. அந்த வீடு உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் நான்கு அறைகளாகிவிட்டது. சுருள்கள் எந்தக் குப்பைக்குப் போயினவோ, பழைய குடித்தனக்காரர் ஒருவரும் அங்கே இல்லை. அண்மையில் அப்பா முதன்முறையாக ஊருக்குப் போய்வந்தார். தகவல் கொடுத்தவர் யாரென்று இப்போதாவது தெரிந்ததா என்று கேட்டேன்.

"எங்கட ஒழுங்கையில ஒரு வீட்டிலயும் இப்ப பழைய ஆக்கள் ஒருத்தரும் இல்லை, பிள்ளை" என்றார். "சந்தேகப்படக்கூட ஆள் இல்லை."